டீசர் இழுவைப் படகை மரத்தில் செதுக்கும் முறை

கோயம்புத்தூர் பவுண்டரிகளுக்கு மரப் பேட்டர்ன், அதாவது உலோக வார்ப்புக்கான மர மாதிரி, செய்வது என் தொழில். பேரன் கேட்டான் என்பதற்காக அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஓடிய டீசர் படகைச் செய்தேன். உளி பிடிக்கத் தெரிந்த யாரும் செய்யலாம்.

டீசர் பிலடெல்பியாவில் கட்டிய மரப்படகு. நீளம் 80 அடி, அகலம் 18, ஆழம் 7. கப்பல் இழுக்கப் பிறந்ததன் மேல் அந்தப் போரில் பிரிந்து நின்ற தெற்கு மாநிலத்தார் 32 பவுண்டர் ஒன்று, 12 பவுண்டர் ஒன்று (குண்டின் எடையை வைத்து வந்த பெயர்) என்று பீரங்கி ஏற்றினார்கள். அடிக்குக் கால் அங்குலம் வைத்தால் 20 அங்குலம், நாலரை, ஒன்றே முக்கால்.

நம் தொழில்காரர்கள் இங்கே கவனிக்க வேண்டும். பேட்டர்ன் ஸ்கேலைத் தொடாதீர்கள். வார்ப்பு சுருங்கும் என்று அதில் ஏற்கெனவே நூற்றுக்கு ஒன்று கூட்டியிருக்கும். சாதா ஸ்கேல் போதும்.

குமிழ் மரம் நல்லது, உளிக்கு இணங்கும். இரண்டு பாதியாக எடுத்து, நடுவில் டோவல் (மர முளை) போட்டுச் சேர்த்துச் செதுக்குங்கள். அப்புறம் பிரித்து உள்ளே குடைவது சுலபம். ஒரு பக்கத்துக்கு வெட்டிய டெம்ப்ளேட்டைத் திருப்பி வைத்தால் மறுபக்கமும் சரிபார்க்கலாம்.

பின்பக்கத்துக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். இழுவைப் படகின் பலம் தண்ணீருக்குள் சுற்றும் விசிறியில் இருக்கிறது. அதற்குத் தண்ணீர் தடையில்லாமல் போக வேண்டும். வயிற்றிலிருந்து வால் பக்கமாக, மர ரேகை போகும் திசையில் மெல்லிய சீவலாக எடுங்கள். எதிர்த்து உளி போட்டால் துண்டாகப் பெயரும். உப்புத்தாளை விட விரல் நுனியை நம்புங்கள். மேடு பள்ளம் அதற்குத்தான் தெரியும்.

நடுவில் நீராவி பாய்லர். 1862 ஜூலை 4 அன்று ஜேம்ஸ் ஆற்றில் வடக்கு மாநிலத்தாரின் மாரடான்சா கப்பலின் குண்டு பாய்ந்தது அங்கேதான். ஆட்கள் இறங்கி ஓடிவிட்டார்கள். வேவு பார்க்க வைத்திருந்த பட்டு பலூனும் வடக்கத்தியர் கையில் சிக்கியது. பிடிபட்ட பிறகு எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன. தளத்தை அவற்றைப் பார்த்தே அமையுங்கள். உடைந்த நிலையில் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் ஹாம்ப்டன் ரோட்ஸ் கடல் சண்டைக்கு வர்ஜீனியா என்ற இரும்புக் கவசக் கப்பலோடு போனபோது இருந்த மாதிரி முழுசாகச் செய்தேன்.

பீரங்கியை ஈயத்தில் ஊற்ற ஆசை வரும். வேண்டாம், மேலே கனம் ஏறினால் படகு கவிழும். மரத்தில் கடைந்து கருப்பு அடியுங்கள். ஈயம் அடியில் இருக்கட்டும். அதையும் உடனே ஒட்டாமல், எல்லாவற்றையும் மேலே வைத்துத் தோட்டத்துத் தொட்டியில் மிதக்க விட்டு, சாய்வு போகும்வரை ஈயக் குண்டுகளை நகர்த்துங்கள். என் படகு இடப்பக்கம் சாய்ந்தது. ஒரு குண்டை அரை அங்குலம் நகர்த்தியதும் நிமிர்ந்தது.