பேட்டரி டெர்மினல் ஆடினால் ஆணியைச் செருகாதீர்கள்

சாவியைத் திருப்பினால் 'டக் டக்' சத்தம் மட்டும் வரும், செல்ஃப் எடுக்காது. உடனே புது பேட்டரி வாங்கக் கிளம்பாமல், பானெட்டைத் திறந்து, பேட்டரி முனையை (போஸ்ட்) கவ்வியிருக்கும் கேபிள் கிளாம்பைக் கையால் அசைத்துப் பாருங்கள். துளி அசைந்தாலும் கோளாறு அங்கேதான் இருக்கலாம்.

எனக்கு நடந்தது இது. பேட்டரி மாற்றிய கடையில் கிளாம்ப் லூசாக இருக்கிறதென்று இடுக்கில் ஒரு ஸ்க்ரூவைத் தட்டிச் செருகிவிட்டார்கள், நானும் கவனிக்கவில்லை, நாலு மாதம் ஓடியது, ஒரு மழைநாளில் பெங்களூரு சில்க் போர்டு சிக்னலில் இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் எடுக்கவே இல்லை. தொட்டுப் பார்த்தால் கிளாம்ப் கொதிக்கிறது. ஸ்க்ரூவோ ஆணியோ சிகரெட் அட்டைத் தாளோ எதைச் செருகினாலும் போஸ்ட்டை ஒரு கோடு போலத்தான் தொடும். செல்ஃப் அடிக்கும்போது 150 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கேயே போய்விடும், 200 வாட்டுக்கு மேல் சூடாகும். போஸ்ட் காரீயம், அது எவ்வளவு தாங்கும்?

ஏன் லூசாகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. போஸ்ட் இரண்டு அளவில் வருகிறது. தடித்ததில் அடிப்பக்கம் பாசிட்டிவ் சுமார் 19.5 மி.மீ., நெகட்டிவ் 17.9, சின்ன கார்களில் வரும் மெல்லியதில் 14.7, 13. மெல்லிய போஸ்ட்டில் தடித்த கிளாம்பை மாட்டினால் எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது. இரண்டு பக்கமும் ஒரே அளவு கிளாம்ப் போட்டாலும் நெகட்டிவ் ஆடத்தான் செய்யும். ஜே.சி. ரோட்டு ஸ்பேர் கடைகளில் போஸ்ட் அளவைச் சொல்லி சரியான கிளாம்போ, மெல்லிய போஸ்ட் மேல் உறைபோல மாட்டும் காரீய ஸ்லீவோ கேளுங்கள், பெரிய செலவில்லை.

போல்ட் முறுக்கும் இடத்தில் கிளாம்பின் இரண்டு காதும் ஒட்டிவிட்டால் அதற்கு மேல் முறுக்காதீர்கள், இனி அது இறுகாது. உள்ளே இறங்கவில்லையென்று சுத்தியலால் அடிப்பது இன்னும் மோசம், போஸ்ட்டின் அடி விரிந்து ஆசிட் கசியும். காதுகளை ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் விரித்து, அடிவரை இறக்கிவிட்டு முறுக்குங்கள்.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது கடைசியில். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். இன்ஜின் ஓடும்போது கழற்றவே கூடாது, ஆல்டர்னேட்டர் வோல்டேஜ் எகிறி, இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசியூ போய்விடலாம்.

உப்பு பூத்திருந்தால் சமையல் சோடா தண்ணீரால் கழுவி, துடைத்து, எமரி பேப்பரால் தேய்த்து, இறுக்கிய பிறகுதான் மேலே வாசலின்.

அப்புறம் நெகட்டிவ் கேபிளின் மறுமுனை, பாடியில் எர்த் ஆகிற இடம், அதையும் கழற்றித் துருவைச் சுரண்டுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் ஒரு முனையை போஸ்ட்டிலும் இன்னொன்றைக் கிளாம்பிலும் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் திரும்பக் கழற்ற வேண்டியதுதான்.