திரையில் ருசி தெரியாது: கருப்பட்டியை அதன் தகுதிக்கேற்ற விலையில் இணையத்தில் விற்பதற்கான வழிமுறை

கடைக்கு வருபவர் கருப்பட்டியைக் கையில் எடுத்து முகர்ந்து பார்ப்பார், ஓரத்தில் ஒரு துணுக்கை உடைத்து வாயில் போட்டுக்கொள்வார், அதற்குப் பிறகுதான் விலை கேட்பார். இணையத்தில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. விலை முதலில் கண்ணில் படுகிறது, முகரவோ சுவைக்கவோ வழியே இல்லை. சீனிப்பாகு கலந்து செய்த மலிவுச் சரக்கும், பதநீரை மட்டும் காய்ச்சி எடுத்த கருப்பட்டியும் திரையில் ஒரே பழுப்பு நிறத்தில்தான் தெரிகின்றன. ஆகவே வாங்குபவர் குறைந்த விலையைத் தேர்ந்தெடுப்பதில் வியப்பில்லை. பொருளில் உண்மையாகவே இருக்கும் மதிப்பை அவர் மனத்தில் பதிய வைப்பதுதான் விற்பவரின் வேலை. இல்லாத மதிப்பைப் பூசுவதை நான் அந்த வேலையாகக் கருதுவதில்லை.

முதல் படி: கண்ணுக்குத் தெரியாதவற்றை எழுதி வையுங்கள்

படம் எடுப்பதற்கு முன், காய்ச்சும் இடத்துக்கு ஒரு முறையாவது நேரில் செல்லுங்கள். பனையேறி காலையும் மாலையும் மரமேறிப் பாளையைச் சீவுகிறார். பதநீர் புளித்துக் கள்ளாகிவிடாமல் இருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார்கள். இறக்கிய பதநீரை விறகடுப்பில் மணிக்கணக்காகக் காய்ச்சி, பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றி ஆற வைக்கிறார்கள். இவை ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே நடக்கும் வேலைகள். எந்த ஊர், எந்த மாதம் காய்ச்சியது, சுக்கோ ஏலக்காயோ சேர்த்தார்களா என்பனவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் நீங்கள் எழுதப்போகும் ஒவ்வொரு வரியும் இந்தக் குறிப்பிலிருந்துதான் வர வேண்டும்.

இரண்டாம் படி: படங்கள்

கைப்பேசியே போதும். காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழும் சன்னலோரத்தில் வைத்து, வண்ணத்தை மெருகேற்றும் வசதிகளை அணைத்துவிட்டு எடுங்கள். முழுக் கருப்பட்டியின் படம் ஒன்று இருந்தால் போதும். உடைத்த பக்கத்தின் படம்தான் முக்கியம், ஏனெனில் உள்ளே இருக்கும் நிறமும் மணல்போன்ற பொருக்கும் அங்கேதான் தெரியும். அளவு விளங்குவதற்காக உள்ளங்கையில் வைத்து ஒன்று, காய்ச்சும் இடத்தில் சிரட்டையோடு ஒன்று. பனையேறியைப் படம் எடுப்பதானால் அவர் அனுமதியைக் கேட்டுப் பெறுங்கள். அவர் உழைப்பைக் காட்டித்தான் நாம் விற்கிறோம்.

மூன்றாம் படி: விவரிப்பு

புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். "100 சதவீதம் சுத்தமானது, உயர்தரமானது, பாரம்பரியமானது" என்று எழுதுகிறார்கள். கலப்படக்காரரும் இதே சொற்களைத்தான் எழுதுகிறார் என்பதால் இவற்றுக்கு எடையே இல்லை. மேலும், உணவுப் பொருள்களில் "100 சதவீதம்" என்ற சொல்லைத் தவிர்க்குமாறு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் அறிவுறுத்தியிருக்கிறது. அதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்:

"பங்குனியில் காய்ச்சியது. பதநீர், கலயத்தில் தடவிய சுண்ணாம்பு ஆகியவற்றைத் தவிர வேறொன்றும் சேரவில்லை. சிரட்டையில் வார்த்ததால் ஒவ்வொன்றும் எடையில் சற்று மாறுபடும். அரை கிலோவுக்கு நிறுத்துத் தருகிறோம். கரைத்தபின் வடிகட்டிப் பயன்படுத்தவும்."

எடை மாறுபடும், வடிகட்ட வேண்டும் என்ற வாக்கியங்கள் குறைகளைப் போலத் தோன்றலாம். ஆனால் குறையைத் தானாகச் சொல்பவர் மற்றவற்றையும் மறைக்க மாட்டார் என்ற நம்பிக்கையை அவைதான் தருகின்றன. கருப்பட்டியைச் சர்க்கரை நோயாளிகள் தாராளமாகச் சாப்பிடலாம் என்று மட்டும் ஒருபோதும் எழுதாதீர்கள். அதிலும் பெரும்பங்கு சர்க்கரைதான். அந்த வரியை நம்பி ஒருவர் உடல்நலம் கெட்டால் அந்தப் பாவம் நம்மைச் சேரும்.

தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப்பெயருக்கான சட்டப் பாதுகாப்பு, கிடைத்தது. ஊர்ப்பெயர் விலையைக் கூட்டும் என்பதற்காக வேறு ஊர்ச் சரக்கின்மீது அந்தப் பெயரைப் போடுவது சட்டப்படி குற்றம். உடன்குடிச் சரக்கையே விற்றாலும், அந்தக் குறியீட்டைப் பயன்படுத்த அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும்.

நான்காம் படி: விலை

விலையைத் தனியே நிற்க விடாதீர்கள். அதற்கான காரணம் பக்கத்திலேயே இருக்கட்டும். புதியவருக்கு 250 கிராம் பொட்டலம் ஒன்று வைத்தால், முன்பின் அறியாத கடையில் சிறு தொகையோடு சோதித்துப் பார்க்கும் துணிவு அவருக்கு வரும். ஒருநாளும் விற்றிராத பெரிய விலையை எழுதி அதன்மேல் கோடு போட்டுத் தள்ளுபடி காட்டுவதை விட்டுவிடுங்கள்.

அஞ்சல் செலவில் பலர் ஏமாறுகிறார்கள். பல கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து ஒரு எடையைக் கணக்கிட்டு, உண்மையான எடையையும் இதையும் ஒப்பிட்டு எது கூடுதலோ அதற்குக் கட்டணம் வாங்குகின்றன. 30, 20, 15 அளவுள்ள பெட்டியில் ஒரு கிலோ கருப்பட்டியை அனுப்பினால் 1.8 கிலோவுக்குப் பணம் கட்ட நேரும். 20, 15, 12 அளவுள்ள பெட்டிக்கு இந்தக் கணக்கு 0.72 கிலோதான் என்பதால் உள்ளபடியான எடைக்குக் கட்டினால் போதும். மிச்சமாகும் தொகையில் நல்ல ஓலைப்பெட்டியே வாங்கிவிடலாம்.

"இன்னும் இரண்டே உள்ளன" என்ற பொய்யான அவசரத்தை, 2023 நவம்பரில் வெளியான மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் தடை செய்கின்றன. கருப்பட்டிக்கு அந்தப் பொய் தேவையும் இல்லை. பருவம் முடிந்தால் அடுத்த பருவம் வரை புதுச் சரக்கு கிடையாது என்பது உண்மை, அதையே எழுதுங்கள்.

ஐந்தாம் படி: பொட்டலமும் விவரச்சீட்டும்

பொருளின் பெயர், நிகர எடை, அதிகபட்சச் சில்லறை விலை, பொதி செய்த மாதமும் ஆண்டும், உங்கள் முகவரி, புகார் சொல்ல வேண்டிய எண், உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண் ஆகியவை தெளிவாக அச்சாகியிருக்க வேண்டும். சட்டத்துக்காகப் போடுவதுதான் என்றாலும், முகவரியும் எண்ணும் உள்ள பொட்டலம் யாரோ ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறார் என்பதை வாங்குபவருக்கு உணர்த்துகிறது.

கருப்பட்டி ஈரத்தை இழுக்கும். தொடக்கத்தில் ஐப்பசி மழையில் நான் வெறும் காகிதத்தில் சுற்றி அனுப்பிய பொட்டலங்கள் பாகாய்க் கசிந்து போய்ச் சேர்ந்தன. பணத்தைத் திருப்பித் தந்தேன். அப்போதிலிருந்து காற்றுப் புகாத உறையில் அடைத்த பிறகே ஓலைப்பெட்டியில் வைக்கிறேன்.

ஆறாம் படி: கருத்துகள்

வாடிக்கையாளர் என்ற பெயரில் நாமே பாராட்டு எழுதிக்கொள்வதை 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் தடுக்கின்றன. பொருள் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் கழித்து, "காபியில் போட்டீர்களா, பணியாரத்துக்குப் பயன்படுத்தினீர்களா?" என்று கேட்டு ஒரு செய்தி அனுப்புங்கள். அதற்கு வரும் பதிலை அனுமதி பெற்று, எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தாமல் வெளியிடுங்கள். குறை சொல்லி வருவதையும் நீக்காமல், அதற்குக் கீழேயே என்ன செய்தீர்கள் என்பதைத் தேதியுடன் எழுதுங்கள். அடுத்து வாங்க வருபவர் பாராட்டுகளை விரைவாகக் கடந்துவிட்டு, அந்த ஒரு பதிலைத்தான் நின்று படிப்பார்.