தோல் ஜாக்கெட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

விலைச்சீட்டை விடுங்கள், எத்தனை தடவை போடுவீர்கள் என்று பாருங்கள். 20,000 ரூபாய் ஜாக்கெட்டை வருடத்துக்கு 40 நாள், 10 வருடம் போட்டால் ஒரு தடவைக்கு 50 ரூபாய். ஊட்டிக்குப் போகும்போது மட்டும்தான் என்றால் கணக்கு உதைக்கும்.

தோள் தையல் தோள் எலும்பின் முனையில் உட்கார வேண்டும். இடுப்பைப் பிடித்துத் தைக்கலாம், கை நீளத்தைக் குறைக்கலாம். தோளைப் பிரித்துத் தைத்தால் செலவு அதிகம், பழைய ஊசித்துளையும் மறையாது. வெட்டு விளிம்பில் துணி அடுக்கு தெரிந்தால் அது ரெக்சின். தோல்தூளை ஒட்டிச் செய்யும் 'பாண்டட்' தோலும் வேண்டாம், சில வருடத்தில் உரியும்.

சென்னை ஈரக்காற்றில் பிளாஸ்டிக் உறை போட்டால் பூஞ்சைதான். அகலமான ஹேங்கரில் மாட்டி, பருத்தித் துணி போர்த்துங்கள். நனைந்தால் நிழலில் உலர்த்தவும். ஹேர் டிரையர் சூட்டில் தோல் விறைத்து வெடிக்கும்.