கார் கேட்டுக்கு எந்த மோட்டார்? பெங்களூரு வீடுகளுக்கான செய்முறை விளக்கம்

ராமமூர்த்தி நகரில் 30க்கு 40 மனையில் வீடு கட்டிக் குடிபுகுந்த முதல் மழைக்காலத்திலேயே என் மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: கேட்டுக்கு மோட்டார் வேண்டும். காரிலிருந்து இறங்கி, கேட்டைத் தள்ளி, மீண்டும் ஏறி, உள்ளே விட்டு, மறுபடி இறங்கி மூடுவதற்குள் புடவை தொப்பலாகிவிடுகிறது. அன்றிரவே காணொளிகளைத் தேடினேன். கதவை இழுக்கச் செயினா, பெல்ட்டா என்று மணிக்கணக்கில் விவாதிக்கிறார்கள்; எல்லாம் மேலே எழுந்து கூரையோடு படுத்துக்கொள்ளும் அமெரிக்கக் கதவுகளுக்கு. எங்கள் தெருவில் அப்படி ஒரு கதவுகூடக் கிடையாது. நியூ ஜெர்சியில் இருக்கும் மைத்துனர், "வரும்போது ஒன்று வாங்கி வரட்டுமா அத்தான்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அது வந்திருந்தால் ஷோகேஸில்தான் வைத்திருக்க வேண்டும்.

படி 1: கதவு எப்படி நகர்கிறது?

மோட்டாரின் வகையைத் தீர்மானிப்பது கடைக்காரர் அல்ல, உங்கள் கதவு. தண்டவாளத்தில் பக்கவாட்டில் ஓடும் ஸ்லைடிங் கேட், கீலில் திரும்பும் கேட், சுருண்டு ஏறும் ஷட்டர், பலகை பலகையாகக் கூரைக்குப் போகும் கதவு. இந்த நான்கில் உங்களுடையது எது?

இன்னும் கேட்டே செய்யவில்லை என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. 10 அடி ஸ்லைடிங் கேட் ஒதுங்கிக்கொள்ள மதிலோரம் இன்னொரு 10 அடியும், மோட்டாருக்கு அதற்கு மேல் ஓரடியோ ஒன்றரையடியோ வேண்டும். 30 அடி முகப்பில் தாராளமாக நடக்கும். 20 அடி முகப்பில் நடக்காது. உள்பக்கம் திறக்கும் கீல் கேட்டுக்கு வேறு தொல்லை. நம் தெருக்களில் மழைநீர் உள்ளே வராமலிருக்க வாசலை உயர்த்திச் சாய்தளம் போட்டிருப்போம். கேட் திரும்பும்போது அதன் அடிப்பக்கம் அந்தச் சரிவில் உரசி நின்றுவிடும். வெளிப்பக்கம் திறக்கலாமே என்பார்கள். நடைபாதையில் போகிறவர் மேல் தானாகத் திறக்கும் இரும்புக் கதவை மோதவிட எனக்கு மனம் வரவில்லை.

படி 2: பெட்டி எடை பார்க்கும் தராசை எடுத்து வாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். விமானப் பயணத்துக்குமுன் பெட்டியைத் தூக்கி எடை பார்க்கும் கொக்கித் தராசு வீட்டில் இருக்கும். அதைக் கேட்டின் கைப்பிடியில் மாட்டிச் சீராக இழுங்கள். கேட் அசையத் தொடங்கும் கணத்தில் எத்தனை கிலோ, ஓடும்போது எத்தனை கிலோ என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் கேட் முதல் நாள் 22 காட்டியது.

கேட்டின் எடையையும் கணக்கிடலாம். ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு, 7.85 கிலோ. எங்கள் கேட் 10 அடிக்கு 6 அடி, அதாவது சுமார் 5.6 சதுர மீட்டர். 2 மில்லிமீட்டர் தகடு. ஆக ஏறக்குறைய 88 கிலோ. சட்டக் குழாய்கள் 40 கிலோ. பூட்டு, சக்கரம் எல்லாம் சேர்த்து 140 என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 500 கிலோ என்று எழுதியிருக்கும் மோட்டார் தாராளம்தானே? தாராளம்தான், சக்கரம் உருண்டால். அந்த எண், சீராக ஓடும் கேட்டின் எடையைக் குறிப்பது. முரண்டு பிடிக்கும் கேட்டை இழுக்கும் வலுவை அல்ல. பட்டறைக்காரர் தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். "சார், ஒரு சக்கரம் சுற்றவே இல்லை, இழுபட்டுக்கொண்டுதான் வருகிறது" என்றார். பேரிங் வைத்த சக்கரங்களை மாட்டி, ரசமட்டம் வைத்துத் தண்டவாளத்தை நேராக்கிய பிறகு தராசு 5 காட்டியது. இப்போது என் பெண் ஒற்றைக் கையால் தள்ளிவிடுகிறாள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

படி 3: வகைக்கேற்ற மோட்டார்

ஸ்லைடிங் கேட்டுக்கு யோசிக்க அதிகம் இல்லை. தரையில் நிற்கும் மோட்டாரின் பல்சக்கரம், கேட்டின் அடியில் பொருத்திய பல் வைத்த ராக்கை நகர்த்தும். கணக்கிட்ட எடையைப்போல் இரண்டு மடங்காவது தாங்கும் மோட்டாராக எடுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 10 மீட்டர் வேகமென்றால் 10 அடி கேட் 18 வினாடியில் திறக்கும். மோட்டாரைவிட முக்கியமானது தண்டவாளத்தின் இரு முனைகளிலும் இருக்க வேண்டிய ஸ்டாப்பர். அது இல்லாத கேட் தண்டவாளத்தைத் தாண்டி ஓடிச் சாயும்; 140 கிலோ இரும்பு ஆள்மேல் சாய்வதை நினைத்துப் பாருங்கள். ஸ்டாப்பரை ஸ்குரூ போட்டு ஒப்பேற்றவிடாமல் வெல்டிங் செய்யச் சொல்லுங்கள்.

கீல் கேட்டுக்கு, நீண்டு சுருங்கும் தண்டு வகை பார்க்க அழகு. ஆனால் தூண் தடிமனாக இருந்து, கேட் அதன் வெளிவிளிம்பில் தொங்கினால், தண்டுக்குத் திருப்பும் கோணம் கிடைக்காது. அங்கே முழங்கைபோல் மடங்கும் கை வகையே சரி. தரைக்கடியில் புதைக்கும் வகையும் உண்டு. மழைநீர் வடிகாலை ஒழுங்காகக் கட்டாமல் அதைப் புதைத்தால் மோட்டாருக்குக் கிணறு வெட்டியதுபோல்தான். முழுத் தகடு அடித்த கேட் காற்றில் பாய்மரம் ஆகிவிடும். இடைவெளி விட்ட கம்பிக் கேட் மோட்டாருக்கு இதம்.

ஷட்டரில், கனமான இரும்புக்குப் பக்கவாட்டு மோட்டார். லேசான அலுமினியம் என்றால் உருளைக்குள்ளேயே நுழையும் குழாய் மோட்டார். இந்தக் குழாய் மோட்டார்கள் பெரும்பாலும் தொடர்ந்து 4 நிமிடம் ஓடினால் சூடேறித் தானே நின்றுவிடும். குழந்தைகள் ரிமோட்டில் விளையாடிவிட்டு "கெட்டுப்போச்சு" என்றால் பதற வேண்டாம், ஆறட்டும். மின்சாரம் போனால் கையால் சுழற்றும் வசதி உள்ளதா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள்.

பலகைக் கதவு அரிதாக வில்லாக்களில் இருக்கிறது. அந்த வீட்டுக்காரர்களுக்குச் சுருக்கமாக: செயின் மலிவு, ஆனால் சத்தம், மேலே படுக்கையறை இருந்தால் பெல்ட், கூரையில் பீம் தாழ்ந்து வந்தால் சுவரில் மாட்டும் வகை. கதவைத் தூக்குவது உண்மையில் ஸ்பிரிங்தான். மோட்டாரைக் கழற்றிவிட்டு, கதவைப் பாதி உயரத்தில் நிறுத்துங்கள். அங்கேயே நின்றால் ஸ்பிரிங் சரி. விழுந்தாலோ ஏறினாலோ ஆளைக் கூப்பிடுங்கள். முறுக்கேறிய அந்த ஸ்பிரிங்கில் நீங்கள் கை வைக்கக் கூடாது.

படி 4: மின்சாரம்

ஏப்ரல், மே மாதங்களில் மாலைக் காற்று அடித்து மரக்கிளை விழுந்தால் எங்கள் பகுதியில் மின்சாரம் போவது சகஜம். ஆகவே பேட்டரி இணைக்கக்கூடிய 24 வோல்ட் மோட்டாரையே சொல்வேன். கலிபோர்னியாவில் காட்டுத்தீயின்போது கதவைத் திறக்க முடியாமல் உயிர்கள் போனதால், 2019 ஜூலை முதல் அங்கே விற்கும் வீட்டுக் கராஜ் கதவு மோட்டார்களுக்குப் பேட்டரி கட்டாயம். மோட்டாருக்கெனத் தனி எம்.சி.பி.யும் (மின்னோட்டம் மிகுந்தால் தானே அணையும் சுவிட்ச்) எர்த்தும் இருக்கட்டும். கிரானைட் போடுவதற்கு முன்பே வாசலின் குறுக்கே ஒயருக்கான குழாயைப் புதைத்துவிடுங்கள். நான் மறந்தேன், கல்லை வெட்டிய தழும்பு இன்னும் இருக்கிறது.

படி 5: ரிமோட்

ஒரே ஒரு கேள்வி: ரோலிங் கோடா? பழைய வகையில் 12 சிறு சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளிக் குறியீடு வைப்பார்கள். மொத்தமே 4,096 சேர்க்கைகள். 2015இல் சாமி கம்கார் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், குழந்தைகள் செய்தி அனுப்பி விளையாடும் பொம்மை ஒன்றை மாற்றியமைத்து, அத்தகைய கதவுகளைப் பத்தே வினாடிகளுக்குள் திறந்து காட்டினார். ரோலிங் கோடில் ஒவ்வொரு முறையும் குறியீடு மாறும்.

படி 6: ஒளிக்கண்

வாசலின் இரு பக்கமும் எதிரெதிரே பொருத்தும் சென்சார் இது. குறுக்கே எதுவும் வந்தால் கேட் மூடுவதை நிறுத்தும். அமெரிக்காவில் வீட்டுக் கராஜ் கதவு மோட்டார்களுக்கு 1993 முதல் இதுவோ இதற்கு இணையான பாதுகாப்போ கட்டாயம். அங்கே தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேல் வைக்கக் கூடாது. நம் ஊரில் ஆட்கள் முழங்கால் உயரத்தில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். தவழும் குழந்தைக்கும் தெரு நாய்க்குட்டிக்கும் அது தலைக்கு மேல். எங்கள் தெருவில் எப்போதும் நாலைந்து குட்டிகள் உண்டு, அதனால் அடம்பிடித்து இறக்கி மாட்டவைத்தேன். சேறு தெறிக்கும், வாரம் ஒருமுறை துடைத்தால் போதும்.

படி 7: ஒப்படைக்கும் நாள்

பணத்தைக் கொடுப்பதற்கு முன் மூன்று சோதனைகள். கேட் மூடும்போது குறுக்கே ஒரு அட்டைப்பெட்டியை நீட்டுங்கள், நிற்க வேண்டும். ஒளிக்கண்ணுக்குத் தெரியாதபடி ஒரு மரக்கட்டையைக் கேட்டின் பாதையில் பிடியுங்கள். முட்டியதும் திரும்ப வேண்டும். பிறகு எம்.சி.பி.யை அணைத்துவிட்டு ரிமோட்டை அழுத்துங்கள்.

மூன்றாவதை நான் செய்யவில்லை. இரண்டு மாதம் கழித்து, அல்சூரில் ஒரு கல்யாண வரவேற்பு முடித்து இரவு பதினோரு மணிக்கு வந்தால் தெருவே இருட்டு. ரிமோட் செத்துக் கிடந்தது. மோட்டாரை விடுவிக்கும் சாவி சமையலறை ஆணியில். சிறு கேட் உள்தாழ்ப்பாளில். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மதில் ஏறினேன். மறுநாள் மோட்டார்ப் பெட்டியைத் திறந்தால், பேட்டரி உள்ளே சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது, ஒயரை மட்டும் யாரும் மாட்டவே இல்லை.

சிறு கேட்டுக்கு இப்போது இரு பக்கமும் திறக்கும் பூட்டு. அதன் சாவி கார்ச் சாவிக்கொத்தில் இருக்கிறது. மோட்டாரை விடுவிக்கும் இரண்டு சாவிகளில் ஒன்று எதிர்வீட்டு அத்தையிடம்.