ஸ்பீடு ஏற்றினால் கம் தள்ளி விழுகிறதா? டைமிங் சரிசெய்யும் முறை

திருப்பூர்ப் பக்கம் அட்டைப் பெட்டி யூனிட்களில், ஓடும் அட்டையில் கம் கோடு போடும் மெஷினைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் புலம்பல்: "மெதுவா ஓட்டினா கம் சரியா விழுதுங்க, ஸ்பீடு ஏத்தினா தள்ளிப் போயிருது." ஆபரேட்டர் டச் ஸ்கிரீனில் ஆஃப்செட்டை (கம் விழும் இடத்தை இத்தனை மி.மீ. நகர்த்து என்று கொடுக்கும் எண்ணை) மாற்றிச் சமாளிப்பார். வேகத்தைக் குறைத்ததும் கம் எதிர்ப்பக்கம் தள்ளி விழும். நேரத்தில் இருக்கும் கோளாறை மில்லிமீட்டரில் திருத்தினால் அப்படித்தான் ஆகும்.

பி.எல்.சி (மெஷினை இயக்கும் கண்ட்ரோலர்) அவுட்புட் வந்த நொடியே கம் அட்டையைத் தொடுவதில்லை. வால்வு காயிலில் கரண்ட் ஏற வேண்டும், ஊசி தூக்க வேண்டும், கம் நாசிலைத் தாண்டி வர வேண்டும். இதற்குப் பிடிக்கும் மில்லிசெகண்டுகள் ஏறக்குறைய மாறாதவை. அதற்குள் அட்டை ஓடும் தூரம்தான் வேகத்தோடு கூடுகிறது. கணக்குக்கு வசதியாக ஒன்றை நினைவில் வையுங்கள்: நிமிடத்துக்கு 60 மீட்டர் வேகம் என்றால், மில்லிசெகண்டுக்குச் சரியாக 1 மி.மீ.

படி 1: சென்சாருக்கும் கம் கன்னுக்கும் (கம் பீச்சும் வால்வு) இடையிலான தூரத்தை டைமரால் கணக்கிட்டிருந்தால் முதலில் அந்த டைமரைத் தூக்கிவிடுங்கள். என்கோடர், அட்டை ஒரு குறிப்பிட்ட தூரம் நகரும்போதெல்லாம் ஒரு பல்ஸ் கொடுக்கும் கருவி; அந்தப் பல்ஸை எண்ணியே அவுட்புட் கொடுக்க வேண்டும்.

படி 2: திருத்தம் எதுவும் இல்லாமல் இரண்டு வேகத்தில் ஓட்டுங்கள். நிமிடத்துக்கு 30 மீட்டரில் சில அட்டை, 90 மீட்டரில் சில அட்டை. அட்டை விளிம்பிலிருந்து கம் கோடு தொடங்கும் இடத்தை ஸ்கேல் வைத்து அளந்து சராசரி எடுங்கள். ஒரே ஒரு அட்டையை நம்ப வேண்டாம்.

படி 3: 30இல் 31 மி.மீ., 90இல் 46 மி.மீ. வந்தது என்று வைப்போம். தள்ளியது 15 மி.மீ. வேக வித்தியாசம் 60 மீட்டர், அதாவது மில்லிசெகண்டுக்கு 1 மி.மீ. ஆக, தாமதம் 15 மில்லிசெகண்ட். இந்த முறையில் எனக்குப் பிடித்ததே இதுதான்: சென்சார் கொஞ்சம் இடம் மாறி மாட்டியிருந்தாலும் அந்தப் பிழை இரண்டு அளவிலும் ஒரே மாதிரி இருக்கும், கழிக்கும்போது போய்விடும்.

படி 4: புரோகிராமில் வேகத்தை 15 மில்லிசெகண்டால் பெருக்கி, வரும் தூரத்தை ஆன் ஆகும் இடத்திலிருந்து கழியுங்கள். ஒரு பல்ஸ் 0.5 மி.மீ. என்றால், 60 மீட்டர் வேகத்தில் 30 பல்ஸ் முன்னதாக ஆன் ஆகும். 120இல் 60 பல்ஸ்.

படி 5: இப்போதுதான் ஆஃப்செட். மேலே சொன்ன கணக்கில் தாமதம் நீங்கியபின் கோடு 23.5 மி.மீட்டரில் தொடங்கும். உங்களுக்கு 25 வேண்டும் என்றால் 1.5 கூட்டுங்கள். எந்த வேகத்துக்கும் அதுவே போதும்.

படி 6: ஆஃப் ஆவதற்கும் இதே அளவீட்டைத் தனியாகச் செய்யுங்கள். வால்வு திறக்கும் நேரமும் மூடும் நேரமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. திறக்க 15, மூட 10 என்றால், 90 மீட்டர் வேகத்தில் கோடு 7.5 மி.மீ. குட்டையாகிவிடும். ஆன் தாமதத்தை மட்டும் போட்டால் தொடக்கம் சரியாகும், கடைசி தள்ளியே கிடக்கும்.

அப்புறம், 30, 90 மீட்டரோடு 60 மீட்டரிலும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். மூன்று வேகத்திலும் ஒரே இடத்தில் விழ வேண்டும்.

ஒரே வேகத்திலேயே கோடு முன்னும் பின்னும் ஆடினால் அது வேறு வியாதி. ஸ்கேன் நேரம் (பி.எல்.சி புரோகிராமை ஒரு சுற்று ஓட்டி முடிக்கும் நேரம்) 10 மில்லிசெகண்ட் என்றால், 90 மீட்டரில் 15 மி.மீ. வரை ஆடலாம். அதற்கு, ஸ்கேனுக்குக் காத்திராமல் பல்ஸை எண்ணும் ஹைஸ்பீடு கவுண்டரிலிருந்து நேராக அவுட்புட் எடுக்க வேண்டும். மெஷின் கிளம்பும்போது முதல் சில அட்டை மட்டும் கெட்டால், புரோகிராமில் வேகத்தை அதிக நேரத்துக்குச் சராசரி எடுக்கிறீர்கள் என்று சந்தேகப்படலாம். மார்கழிக் காலையில் கம் கெட்டியாகி தாமதம் மாறினால், புரோகிராமைத் தொடாமல் கம்மின் பதத்தையும் பிரஷரையும் பாருங்கள்.

சுற்றும் மெஷினுக்கும் இதே கணக்குதான், மில்லிமீட்டருக்குப் பதில் டிகிரி. 100 ஆர்.பி.எம்மில் மில்லிசெகண்டுக்கு 0.6 டிகிரி, 20 மில்லிசெகண்ட் தாமதத்துக்கு 12 டிகிரி முன்னதாக ஆன். கோவையில் பவர் பிரஸ் வைத்திருப்பவர்கள் ஏர் ப்ளோ, ஃபீடர் வரைக்கும் இதைப் போடலாம். கிளட்ச், பிரேக் நிறுத்தும் சிக்னலில் கை வைக்காதீர்கள். அங்கே ஆள் கை உள்ளே போகும் இடம், மெஷின் கம்பெனிக்காரரைக் கூப்பிடுங்கள்.