தேங்காய் உடைக்காத ஆளை எழுதுவது எப்படி

யாழ்ப்பாணத்துக்கு ஏ9 வீதியால் போகிற வாகனம் முறிகண்டியில் நிற்கும். எல்லாரும் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பார்கள். என் பெரியப்பா மட்டும் வாகனத்துக்குள் இருந்தபடியே கையை நீட்டிக் கச்சான் வாங்குவார். ஃபேன்டசி கதைக்கு நாத்திகர் ஒருவர் தேவைப்பட்டால் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருவார்.

தெய்வம் நேரில் வந்து குளத்தை நிரப்பிவிட்டுப் போகிற உலகத்தில் ஒருவன் 'கடவுள் இல்லை' என்றால் எடுபடாது. அதைச் சொல்ல வைக்காதீர்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிவது பற்றிப் பெரியப்பாவிடம் ஒருமுறை வாய்கொடுத்தேன். "எரியட்டும். அதுக்கு நான் ஏன் கும்பிட வேணும்?" என்றார். உங்கள் ஆளையும் அங்கிருந்து தொடங்குங்கள். தெய்வத்தின் பலம் அவனுக்குத் தெரியும். குளத்து முதலையின் பலமும் தெரியும். இரண்டுக்கும் ஒதுங்கி நடப்பான், அவ்வளவுதான்.

சரி, மறுமை? அங்கேதான் ருசி. மணிமேகலையின் 27ஆம் காதையில் ஒரு பூதவாதி வருகிறான்; நிலம், நீர் போன்ற பூதங்களால்தான் எல்லாம் ஆனது என்பவன். தெய்வம் பெண்ணைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டுகிற உலகம் அது. அதிலிருந்துகொண்டே, தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் கூடினால் மதுவெறி பிறப்பதுபோலத்தான் பூதங்கள் கூடி உணர்வு பிறக்கிறது, மறுமை பொய் என்கிறான். முற்பிறப்பை அறிந்த மணிமேகலை சிரிக்கிறாள். அவன் அசையவில்லை: தெய்வம் மயக்கியிருக்கும், இல்லையென்றால் கனவு. அவளும் விடவில்லை, உன் தாய் தகப்பனை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிவாய் என்று மடக்குகிறாள். உங்கள் பக்தர்களுக்கும் இப்படி நல்ல கேள்வி கொடுங்கள். மொக்கைப் பூசாரியை வெல்வதில் என்ன இருக்கிறது?

அந்த 'தெய்வ மயக்கு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு காட்சி எழுதிப் பாருங்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு அம்மா 2009இல் காணாமல் போன மகனுக்கு இன்னும் அந்தியேட்டி, அதாவது இறந்தவருக்கான கிரியை, செய்யவில்லை. படத்துக்கு மாலையும் போடவில்லை. உங்கள் உலகத்தில் அப்படி ஒரு தாய்க்குப் பூசாரி மகனின் குரலை வரவழைக்கிறான். பக்கத்தில் நிற்கும் நாத்திகன் மெல்லக் கேட்கிறான்: "தம்பி, சைக்கிளை எங்க விட்டனீ?" குரல் சரியான இடத்தைச் சொல்கிறது. தாய் அழுகிறாள். அவன் முகம் மாறவில்லை. எல்லாம் தெரிந்த தெய்வத்துக்குச் சைக்கிள் நிற்கிற இடமும் தெரியும்தானே. ஆனால் அதை அந்த அம்மாவிடம் அவன் சொல்வானா, மாட்டானா? இதைத் தீர்மானித்த பிறகு எழுத உட்காருங்கள்.