வல்லத்து விளக்கு ஏன் மங்கியது? வோல்ட், ஆம்பியரை வைத்து ஓமும் வாட்டும் கணக்கிடுவோம்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் மச்சானின் வல்லத்தில் (நாட்டுப்படகில்) ஃபோகஸ் லைட் மங்கலாக எரிந்தது. 12 வோல்ட் பேட்டரி, 55 வாட் ஹாலஜன் பல்பு. "பேட்டரி செத்துப்போச்சு, புதுசு வாங்கிர வேண்டியதுதான்" என்று கிளம்பியவரைக் கால்மணி நேரம் நிறுத்திவைத்து மல்டிமீட்டரை எடுத்தேன். அன்று குறித்த எண்களை வைத்தே இந்தக் கணக்கைச் சொல்கிறேன். பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும்.

வோல்ட் என்பது மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம். ஆம்பியர் என்பது ஓடும் அளவு. ஓம் என்பது வழியில் உள்ள தடை. ஜார்ஜ் ஓம் என்ற ஜெர்மனிக்காரர் 1827-ல் இவற்றின் உறவைப் புத்தகமாகவே போட்டுவிட்டார். நமக்கு வேண்டியது இரண்டே வரி:

வோல்ட் ÷ ஆம்பியர் = ஓம் (மின்தடை)
வோல்ட் × ஆம்பியர் = வாட் (திறன்)

வோல்ட் அளப்பது

மீட்டரின் திருகை டிசி (பேட்டரி தரும் நேர்மின்சாரம்) வோல்ட்டில் 20-க்குத் திருப்புங்கள். கறுப்பு வயர் பொதுத் துளையில் (COM), சிவப்பு வயர் வோல்ட் துளையில். எதையும் கழற்ற வேண்டாம். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே இரண்டு முனைகளையும் பல்பின் இரண்டு கால்களில் வையுங்கள். எரியாதபோது அளந்தால் பழுது தெரியாது, ஏனென்றால் ஓட்டம் இல்லாத இடத்தில் தடை எதையும் விழுங்காது.

எனக்குப் பல்பில் வந்தது 10.4 வோல்ட். அதே நேரம் பேட்டரி முனையில் 12.4. நடுவில் 2 வோல்ட்டைக் காணோம்!

ஆம்பியர் அளப்பது

புதியவர்கள் மீட்டரைப் புகைய விடுவது இங்கேதான். ஆம்பியர் அளக்க மீட்டர் மின்சாரம் போகும் பாதைக்குள்ளேயே உட்கார வேண்டும். சுவிட்சை அணைத்து, ஃபியூஸைப் பிடுங்கி, அதன் இரண்டு முனைகளில் மீட்டர் முனைகளைப் பொருத்துங்கள். சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கும், திருகை டிசி 10 ஆம்பியருக்கும் மாற்றியாயிற்றா? அப்புறம் சுவிட்சைப் போடுங்கள். முதலில் துள்ளும் எண்ணை விட்டுவிட்டு, நிலைத்து நிற்பதை எழுதுங்கள். எனக்கு 4.0 ஆம்பியர். மலிவான மீட்டர்களில் அந்தத் துளைக்குப் பாதுகாப்பு ஃபியூஸே இருக்காது. பத்து நொடிக்கு மேல் வைக்காதீர்கள்.

முடிந்த கையோடு சிவப்பு வயரைப் பழைய துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்துபோய் அப்படியே பேட்டரியின் இரு முனையில் வைத்தால் நேரடி ஷார்ட்தான். நான் ஒரு மீட்டரை அப்படித்தான் இழந்தேன்.

வீட்டு 230 வோல்ட் லைனில் இந்த ஆம்பியர் வேலையைச் செய்யவே கூடாது. அங்கே பொருளின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் போதும். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் என்றால் 1000 ÷ 230, சுமார் 4.35 ஆம்பியர். ஃபேன், மோட்டாருக்கு இந்த வகுத்தல் துல்லியமாக வராது.

கணக்கு

பல்பின் தடை: 10.4 ÷ 4.0 = 2.6 ஓம்.
பல்பின் திறன்: 10.4 × 4.0 = 41.6 வாட்.

55 வாட் பல்பு 41.6 வாட்டில் எரிந்தால் மங்கத்தானே செய்யும். காணாமல்போன 2 வோல்ட்டுக்கும் இதே கணக்குதான்:

வழியில் உள்ள தடை: 2 ÷ 4.0 = 0.5 ஓம்.
வழியில் வீணாவது: 2 × 4.0 = 8 வாட்.

அரை ஓம் என்பதைக் கேட்டால் ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால் 8 வாட் வெளிச்சமாகாமல் வயரில் சூடாகிறது. அதிலும் ஓட்டம் இரண்டு மடங்கானால் இந்தச் சூடு நான்கு மடங்காகும். வாட் = ஆம்பியர் × ஆம்பியர் × ஓம் என்றும் எழுதலாம். 4 × 4 × 0.5 போட்டுப் பாருங்கள், அதே 8 வரும்.

"ஓம் அளக்க மீட்டரிலேயே இடம் இருக்கிறதே, பல்பைக் கழற்றி நேராக அளந்தால் என்ன?" என்று தோன்றும். அளந்து பாருங்கள், அரை ஓம்கூட வராது. இழை குளிர்ந்திருக்கும்போது தடை மிகக் குறைவு, எரிந்து சூடேறினால்தான் 2.6-க்குப் போகும். சுவிட்ச் போட்டதும் எண் துள்ளியதற்கும் இதுதான் காரணம். எல்இடி விளக்கென்றால் வாட் கணக்கு மட்டும் போடுங்கள். அதற்கு நிலையான ஓம் கிடையாது.

திருடனைப் பிடிப்பது

ஃபியூஸைத் திரும்பப் போட்டு, மீட்டரை மறுபடி வோல்ட்டில் வைத்து, விளக்கு எரிய எரிய ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கத்திலும் முனைகளை வைத்துக்கொண்டே வந்தேன். சுவிட்சில் 0.1. ஃபியூஸில் 0.1. பேட்டரியின் நெகட்டிவ் முனையில், வயர் கிளாம்பில் நுழையும் இடத்தில் 1.6! தொட்டால் சுட்டது. பிளாஸ்டிக்கை உரித்தால் செம்புக் கம்பி முழுக்கப் பச்சைக் களிம்பு. உப்புக்காற்றில் கிடக்கும் வல்லத்தில் செம்பு வேறெப்படி இருக்கும்?

களிம்பு ஏறிய நுனியை வெட்டி எறிந்து, உள்ளே பளபளப்பாக இருந்த கம்பியை எடுத்தேன். கிளாம்பை உப்புத்தாளால் தேய்த்தேன். உப்பு செய்த வேலைக்கு உப்புத்தாள்! இறுக்கி முறுக்கி, மேலே வேஸ்லின் தடவினேன். மற்ற இணைப்புகளுக்கும் அதே வைத்தியம். பேட்டரி பழையதேதான்.

திரும்ப அளந்தபோது பல்பில் 12.2 வோல்ட், ஓட்டம் 4.4 ஆம்பியர், பேட்டரி முனையில் அதே 12.4. இப்போது வழியில் எத்தனை வாட் வீணாகிறது என்று நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு வாட்டுக்குக் கொஞ்சம் கீழே வந்தால் சரி.